சர்க்கரை கண்ட ஈஸ்ட்

நசரத்பேட்டையில் இருக்கும் நாகவல்லியின் பேக்கரிக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பன் வேகிற வாசனை பெங்களூர் ரோட்டில் போகிற லாரிக்காரனை வண்டியை ஓரங்கட்ட வைக்கிறது, அதைவிடப் பெரிய பலகையை எவன் எழுதிவிடப் போகிறான் என்பது அவள் கட்சி. கிடங்கு ஒன்றின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை. உள்ளே ஒரு மாவு பிசையும் மெஷின், ஒரு ஓவன், அடுக்கடுக்காக ட்ரேக்கள். அங்கே வேகிற பன்னைத்தான் பூந்தமல்லியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் டீக்கடைகளில் நீங்கள் டீயில் நனைத்துத் தின்கிறீர்கள். அதைக் கொண்டுபோய் இறக்குகிறவன் நான். குட்டி யானை என்று சொல்கிறோமே, அந்தச் சின்ன லோடு வண்டி என்னுடையது.

அவளைப் பற்றி எழுத ஆள் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற எழுத்து இப்படித்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் பன்னை மட்டும் தின்றுவிட்டுப் போகலாம்.

நாகவல்லியின் அப்பா அம்மா செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் பிளாட்டும் கிடங்கும் ஆனபோது ஊரில் பலபேர் அழுதார்கள். அவள் அழவில்லை. நட்டது யாரோ ஒருவருடைய வயல், போனால் அவருக்குத்தானே நஷ்டம் என்று சொல்லிவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். முதலில் பாக்கெட் போடுகிற வேலை. பிறகு மாவுப் பக்கம். மாவில் கை வைத்த அன்றே தனக்கென்று ஒரு கொட்டகை போடுவதென்று முடிவு செய்துவிட்டாளாம். நினைத்ததை முடித்துவிடுகிற ஜாதி அவள். சில நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவள் புருஷன் வேம்புலி ஓவனைப் பார்த்துக்கொள்கிறவன். ஆள் வாட்டசாட்டம், வாய் அதைவிட. அவனுக்குச் சர்க்கரை வியாதி. நாள் பூராவும் இனிப்பு பன் வேகிற இடத்தில் நின்றுகொண்டு ஒரு பன்னைக்கூடத் தொடக் கூடாது. காலையில் முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி, மதியம் அளந்து வைத்த சோறு. அவனை நான் கிண்டல் செய்யாத நாள் இல்லை. ஆனால் அந்தக் கஞ்சிச் சொம்பை அவன் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

அந்த பேக்கரியில் ஒரு வழக்கம் உண்டு. மாவு பிசைவதற்கு முன் ஈஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்து ஒரு அலுமினியக் குண்டானில் வைப்பார்கள். அதில் ஒரு பெரிய கரண்டி சர்க்கரை போடுவது வேம்புலியின் வேலை. டாக்டர் அவனை இனிப்பை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அதை வேறு யாரையும் அவன் செய்ய விடுவதில்லை.

"துன்னுங்கடா பசங்களா. நைனாவுக்குத்தான் குடுப்பினை இல்ல, நீங்களாவது துன்னுங்க" என்று சொல்லிக்கொண்டே போடுவான். சாமிக்குப் படைக்கிற மாதிரி ஒரு முகம். குண்டான் நுரைத்துப் பொங்கும். அதைப் பார்த்து அவனும் பொங்குவான்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி ரொட்டி வந்தது.

பூந்தமல்லி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்கிற அம்மாள் பெயர் சித்ரா. சர்க்கரையே சேர்க்காத ரொட்டி தினமும் வேண்டும், வெள்ளிக்கிழமை காலையில் மாதிரி கொண்டுவந்து காட்டுங்கள், சரியாக இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து உங்களுக்கே என்று சொல்லி அனுப்பியிருந்தார். சரியில்லை என்றால் சிட்டிக்குள்ளிருந்து பெரிய கம்பெனி ஒன்று வரக் காத்திருந்தது. நாகவல்லிக்கு அந்த ஆர்டர் மேல் அப்படி ஒரு வெறி. டீக்கடை பன் போடுகிறவள் என்ற பெயர் போய் ரொட்டி போடுகிறவள் என்ற பெயர் வர வேண்டும் அவளுக்கு.

"மாவுல போடுற சக்கரைய நிறுத்துனா ஆச்சு. இதுல இன்னா கீது?" என்றாள் என்னிடம். "வெள்ளிக்கெயமை வண்டிய கழுவி எடுத்துகினு வாண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

திங்கட்கிழமை மாவு எழவில்லை.

லேசாக உப்பியது, நின்றுவிட்டது. பன் மாவு எழும்புகிற நேரத்துக்கு மேலேயும் காத்திருந்து பார்த்துவிட்டு, ஓவன் சும்மா எரிகிறதே என்று உள்ளே தள்ளினார்கள். வெளியே வந்தது ரொட்டி இல்லை, செங்கல். வேம்புலி ஒன்றை எடுத்துத் தகரச் சுவரில் தட்டிப் பார்த்தான். டங்கென்றது.

"ஆஸ்பத்திரிக்குக் குடுக்கலாம் மாமே. கால் ஒட்ச்சிகினு வர்றவனுக்கு முட்டுக் குடுக்க ஒதவும்."

நாகவல்லி சிரிக்கவில்லை. "ஈஸ்ட்டு அசந்து பூட்ச்சி. நாளிக்கு நல்லா எயுப்பி விடணும்" என்றாள்.

மறுநாள் எழுப்பிவிட்டார்கள். எப்படி? குண்டானில் ஒரு கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டி சர்க்கரை. மாவில் சர்க்கரை கிடையாது என்று ஆஸ்பத்திரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"அது மாவுக்குப் போடுறது இல்லண்ணா. ஈஸ்ட்டுக்குக் குடுக்குறது. அதையே அது துன்னுட்டுப் பூடும், ரொட்டிக்கு இன்னா வரப்போவுது?" என்றாள். அவளுக்கு அந்தக் கரண்டி கணக்கில் வராத கரண்டி. விருந்தாளிக்குக் கொடுக்கிற தண்ணீரைச் சமையல் கணக்கில் சேர்ப்போமா?

செவ்வாய்க்கிழமை மாவு திங்கட்கிழமையைவிட மோசமாகப் படுத்துக்கொண்டது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஓவனில் வைக்கவே இல்லை. மொத்த மாவையும் வாரிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் நீல டிரம்மில் கொட்டி மூடிவிட்டாள். பன்றி வளர்க்கிறவன் சாயங்காலம் வந்து அள்ளிப் போவான்.

நான் பன்னை இறக்கிவிட்டு மதியத்துக்கு மேல் திரும்பி வந்தேன். வண்டியைப் பின்பக்கம் திருப்பும்போது பார்க்கிறேன், டிரம்மின் மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூடிக்குக் கீழே வெள்ளையாக மாவு வழிந்து, தொப்பை பெருத்தவன் சட்டைக்கு வெளியே பிதுங்குகிற மாதிரி பிதுங்கிக்கொண்டிருக்கிறது. ஹாரன் அடித்தேன். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

"அடி ஆத்தீ" என்றான் வேம்புலி. "பொணம் எயுந்து குந்திகினு கீதே!"

நாகவல்லி டிரம்முக்குள் கையை விட்டாள். மாவை விரலால் அழுத்தினாள். அது மெதுவாக மேலே வந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"சாவல" என்றாள். "சாவலன்னா காலைல ஏன் படுத்துகினு கெடந்துச்சு? நடுவுல யாரு போயி எயுப்புனது?"

"வெயில் எயுப்பி இருக்கும்."

"காலைல மட்டும் மார்கழி மாசமா? கொட்டாயி உள்ள வெயிலவிட சூடு. டபாய்க்காத." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "ரேணும்மாவைக் கூப்புடுறேன்."

ரேணுகா அவளுக்கு அந்த அம்பத்தூர் ரொட்டிக் கம்பெனியில் பழக்கம். அங்கே லேப்பில் இருந்த பெண். இப்போது அதே எஸ்டேட்டில் என்சைம் தயாரிக்கிற வேறு கம்பெனியில் வேலை. அப்பா திருநெல்வேலிப் பக்கம், ஆவடி டேங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அதனால் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். வேலை முடிந்து ஸ்கூட்டரில் நேராக வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே டிரம்மை எட்டிப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு குண்டானைப் பார்த்தாள்.

"என்னக்கா, இதுல சர்க்கரை போடுறீங்களா?"

"போடாம? ரெண்டு கரண்டி."

"மூணு" என்றான் வேம்புலி. நாகவல்லி திரும்பிப் பார்த்தாள். "பாவம், ரெண்டு நாளா சொணங்கிகினு கீதேன்னு ஒண்ணு சேத்துப் போட்டேன்."

படித்தவர்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். அன்றைக்கு வரவில்லை. அந்தப் பெண் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, ஒரு பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, ஈஸ்ட்டும் ஒரு உசுரு. அதுக்கு என்சைம்தான் பல்லு. ஒவ்வொரு சர்க்கரையைக் கடிக்க ஒவ்வொரு பல்லு. நமக்கு மாதிரி எல்லாப் பல்லையும் எப்பவும் வச்சிருக்காது. வேணும்கிறப்ப முளைக்க வைக்கும், வேண்டாம்னா நிறுத்திரும்."

"ஷோக்கா கீது. எனக்கும் அப்டி இருந்தா பல் டாக்டருக்கு அழுவ வேணாம்" என்றான் வேம்புலி.

"சும்மா இருய்யா. நீ சொல்லும்மா."

"நீங்க போடுற கடைச் சர்க்கரை ரெண்டு துண்டு ஒட்டினது. அதை உடைக்கிற பல்லை ஈஸ்ட் தன் சுவத்துலயே வச்சிருக்கும். வெளியவே உடைச்சு, குளுக்கோஸ் ஒண்ணு, பழச்சர்க்கரை ஒண்ணுன்னு உள்ள இழுத்துக்கும். அதுக்கு ரொம்பச் சுளுவு. ஆனா வெறும் மைதா மாவுல அந்தச் சர்க்கரை ஏதோ துளிதான் இருக்கும். மீதியெல்லாம் ஸ்டார்ச். தண்ணி பட்டதும் மாவுல இருக்கிற என்சைம் அந்த ஸ்டார்ச்சை அறுத்து, மால்டோஸ்னு வேற ஒரு சர்க்கரை ஆக்கும். அதை வெளிய உடைக்க முடியாது. முழுசா உள்ள கொண்டுபோகணும். அதுக்குன்னு தனியா ஒரு வாசல் வேணும், உள்ள தனியா ஒரு பல்லு வேணும்."

"வெக்க வேண்டியதுதான?"

"குளுக்கோஸ் கண்ணுல படுற வரைக்கும் வைக்காதுக்கா. வாசல் வைக்கவும் பல்லு செய்யவும் அதுக்குச் செலவு ஆகும்ல? சுளுவா ஒண்ணு கிடைக்கும்போது எதுக்குச் செலவு பண்ணணும்? அந்த வேலையவே பூட்டுப் போட்டு நிறுத்தி வச்சிரும்."

"பிரியாணி போடுற ஊட்ல எவன் கூயு கேப்பான்" என்றான் வேம்புலி.

"அதேதான். நீங்க குண்டான்ல மூணு கரண்டி பிரியாணி போட்டு அனுப்புறீங்க. அங்க போனா வெறும் மாவு. பிரியாணி தீர்ந்ததும்தான் பூட்டைத் திறந்து, வாசல் வச்சு, பல்லு செய்ய ஆரம்பிக்கும். அதுக்கு நேரம் ஆகும். அந்த நேரத்துலதான் மாவு செத்த மாதிரி கிடக்கு. நீங்க கொட்டிட்டீங்க. டிரம்முக்குள்ள போய் அது பாட்டுக்குப் பல்லு முளைச்சுச் சாப்பிட்டிருக்கு."

நாகவல்லி குண்டானை எட்டிப் பார்த்தாள். ஊக்கம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இவர்கள் போட்ட ஒவ்வொரு கரண்டியும் அதைப் படுக்க வைத்திருக்கிறது. அவளுக்கு அது உறைத்தது எனக்குத் தெரிந்தது. தலையை ஒரு ஆட்டு ஆட்டி அதை உதறிவிட்டதும் தெரிந்தது.

ரேணுகா ஈஸ்ட் பாக்கெட்டையும் எடுத்துப் பார்த்தாள். அது இனிப்பு மாவுக்கு என்றே தயாரிக்கிற ஈஸ்ட்டாம். சாதா ரொட்டிக்கு வேறு ஈஸ்ட் வருகிறது, அது மால்டோஸுக்குத் தயாராகவே இருக்கும், அதை வாங்கினால் பாதி வேலை முடிந்தது என்றாள். ஈஸ்ட் வாங்குகிற பூந்தமல்லிக் கடைக்குப் போன் போட்டேன். இந்தப் பக்கம் எல்லாரும் இனிப்பு பன்தானே போடுகிறீர்கள், அதை எவன் கேட்கிறான், அடுத்த வாரம் வேண்டுமானால் வரவழைத்துத் தருகிறேன் என்றான் கடைக்காரன்.

"அடுத்த வாரம் வேற எவனாவது ரொட்டி போடுவான்" என்றாள் நாகவல்லி. "ரேணும்மா, இந்த ஈஸ்ட்டுக்கே முன்கூட்டி அந்தப் பல்ல மொளைக்க வெச்சி மாவுல உட்டா?"

"விடலாம். முன்னாடியே மால்டோஸ் மட்டும் குடுத்துப் பழக்கணும். பீர் கம்பெனிகள்ல பார்லியை முளைக்க வைக்கிறது அதுக்குத்தான். முளைவிட்ட தானியத்துல ஸ்டார்ச்சை அறுக்கிற என்சைம் நிறைய இருக்கும்."

நாகவல்லி அலமாரியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேம்புலியும் பார்த்தான். மூன்று பேரும் பார்த்தது ஒரே டப்பாவை.

"கேவுரு?" என்றாள். "மொள கட்டி காயவெச்சி அரைச்சது. இந்தாளு கஞ்சிக்கு."

"கேழ்வரகும் சரிதான்க்கா. ஆனா காய்ச்சக் கூடாது, சூட்டுல என்சைம் போயிரும். மாவாவே போட்டு, கொஞ்சம் மைதாவோட வெதுவெதுன்னு கரைச்சு, அதுல ஈஸ்ட்டைப் போட்டு ஒரு ராத்திரி விட்டுருங்க. சர்க்கரை ஒரு துளி படக் கூடாது. பட்டா பல்லு முளைக்கிறது நிக்கிறது மட்டும் இல்ல, வச்ச வாசலையே பிடுங்கிப் போட்டுரும். நான் லேப்ல பார்த்திருக்கேன். பேக்கரில பார்த்ததில்ல. செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

"செஞ்சி பாக்குறது என் வேல" என்றாள் நாகவல்லி.

புதன்கிழமை மாவு எழுந்தது. சும்மா எழவில்லை, ரொட்டி வேகவைக்கிற டின்னின் விளிம்பைத் தாண்டி எழுந்தது. வேம்புலி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டமே போட்டான். ஆனால் அறுத்துப் பார்த்தால் உள்ளே பசை. கத்தியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. கேழ்வரகு மாவை அள்ளிப் போட்டுவிட்டாள், அது ஸ்டார்ச்சை அளவுக்கு மேல் அறுத்துவிட்டது. ரேணுகா போனில் அப்படித்தான் சொன்னாள். நாகவல்லி அதற்குள் தானே அதைக் கண்டுபிடித்து மறு கரைசலுக்குக் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த முறை கேழ்வரகு மாவு கொஞ்சமாக, சிட்டிகை கணக்கில். கரைசலில் ஒரு தம்ளர் தனியாக எடுத்துத் தட்டுப் போட்டு மூடி ஜன்னல் ஓரம் வைத்தாள். எதற்கு என்றேன். "மொத்தத்தையும் ஒரே பானைல வெக்கிறவ நான் இல்ல" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் நான் போகும்போது கொட்டகையில் சத்தமே இல்லை. மெஷின் நின்றிருந்தது. டின்களில் மாவு திங்கட்கிழமை மாதிரியே படுத்துக்கிடந்தது. நாகவல்லி கையில் இரண்டு காலி ஊறுகாய் பாட்டில்கள். இரண்டிலும் ஒரே அளவு மாவு உருண்டை போட்டு, வெளியே மாவு மட்டத்துக்கு ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தாள். ஒன்று குண்டான் கரைசலில் பிசைந்தது, இன்னொன்று அந்த ஜன்னலோரத் தம்ளர் கரைசலில் பிசைந்தது. தம்ளர் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி மேலே போயிருந்தது. குண்டான் மாவு கீழேயே குந்தியிருந்தது.

"ஒரே கரைசல். ஒண்ணு எயுந்துச்சி, ஒண்ணு எயல. இன்னாண்ணா அர்த்தம்?"

"எனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குண்டான் இருந்த மேடைக்குப் போனாள். மேடையின் காலிலிருந்து ஒரு எறும்புச் சாரை ஏறிக்கொண்டிருந்தது. அது குண்டானுக்குப் போகவில்லை. குண்டானுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த பெரிய கரண்டிக்குப் போயிற்று.

"யோவ்."

ஓவன் பக்கம் திரும்பி நின்றிருந்த வேம்புலி திரும்பவில்லை.

"யோவ், உன்னத்தான். கேவுர மொய்க்கவா கரண்டிக்கு எறும்பு வருது?"

"ஒரு கரண்டிதான் போட்டேன்."

"ஏன்யா போட்ட? அந்தப் பொண்ணு அவ்ளோ சொல்லிட்டுப் போச்சே! காதுல இன்னா மைதாவா அடச்சிகினு கீற?"

அவன் திரும்பினான். அவன் வாயில் கிண்டல் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வெறும் கேவுரு மாவக் கரைச்சி வெச்சிகினு கீற. இன்னிக்கு விடிகாலைல வந்து பாத்தேன். பாக்கவே பாவமா இருந்துச்சி. நானுந்தான தெனம் அத்தக் குடிக்கிறேன். அந்த ருசி எனக்குத் தெரியும் நாகு. நாம இத்தினி வருசம் சக்கர குடுத்துப் பயக்கிட்டு, இப்ப திடீர்னு..."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி. அவள் பேரும் வாக்கும் அந்த டின்களில் படுத்துக்கிடக்கிறது. நானாக இருந்தால் அந்தக் கரண்டியாலேயே ஒன்று வைத்திருப்பேன். அவள் வாயைத் திறந்தபோது பெரிய சண்டைதான் என்று நினைத்து நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

"நீ அதத்தான குடிக்கிற?" என்றாள்.

"ஆமா."

"குடிச்சிட்டு நீ படுத்துகினா கீற? காலைலேருந்து ஓவன் மூஞ்சில நின்னு வேல செய்யல? போன வருசம் இட்டாந்த மெஷின ஒத்த ஆளா எறக்கி வெக்கல?"

வேம்புலி கரண்டியை எடுத்து எறும்பைத் தட்டினான்.

"மொதல்ல நீயும் ரெண்டு நாளு சொணங்கிகினுதான் கெடந்த. பொறவு எயுந்துக்கல? அதுவும் எயுந்துக்கும். பாவம் பாக்காத. வேலைக்காரன பாத்துப் பாவம்னா அவனுக்கு அவமானம்." ஜன்னலோரத் தம்ளரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இதான் மீதி. புதுசா கரைசல் போட்டு இத்த அதுல ஊத்தப் போறோம். இனிமே ஈஸ்ட்டுக்குக் குடுக்குறது நீதான். உன் டப்பாலேருந்தே எடுத்துக் குடு. ஆனா பன்னுக்குத் தனிக் குண்டான், ரொட்டிக்குத் தனிக் குண்டான். சக்கர டப்பா சாவி என் இடுப்புல."

அன்று முழுக்க வேம்புலி அந்தக் குண்டானை விட்டு நகரவில்லை. நான் மதியம் வந்தபோதும் அங்கேயே இருந்தான், சாயங்காலம் வந்தபோதும் இருந்தான். ஒரு எறும்பு மேடைப் பக்கம் வந்தால்கூட ஊதித் தள்ளினான். "மாமே, தள்ளி நில்லு, நீ காலைல ஜிலேபி துன்ன வாயி" என்று என்னையே விரட்டினான்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் நான் வண்டியைக் கழுவிக்கொண்டு போனேன். ட்ரேயில் ரொட்டிகள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. தலை உயரமாக, மேலே நல்ல பழுப்பு நிறம். நாகவல்லி ஒன்றை அறுத்து என்னிடம் நீட்டினாள். கத்தியில் ஒன்றும் ஒட்டவில்லை. மென்று தின்னத் தின்ன மாவின் ருசியே லேசாக இனித்தது. நான் நல்லா இருக்கு என்று சாதாரணமாகச் சொல்கிறவன் இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

வேம்புலியும் வண்டியில் ஏறிக்கொண்டான். சரக்கு கொண்டுபோய்க் கொடுக்க அவன் வந்ததே கிடையாது. முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம்.

சித்ரா அம்மாள் கண்டிப்பானவர். ரொட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார், எழுந்தது. அறுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு துண்டை மென்றுகொண்டே, "இனிக்குதே. சர்க்கரை போட்டீங்களா?" என்றார்.

நான் வேம்புலியைப் பார்த்தேன். நாகவல்லி அசையவில்லை.

"மாவுலயும் போடல, ஈஸ்ட்டுக்கும் போடலம்மா. மாவு தானா சக்கரையாவுது. ஈஸ்ட்டு துன்னது போவ மிச்சம் கொஞ்சம் நாக்குல தெரியுது. வாங்க, நாளைக்கே எங்க கொட்டாயில வந்து நின்னு பாருங்க."

சித்ரா அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். "தெரியும். வெறும் மாவா இருந்தாலும் உடம்புக்குள்ள போனா சர்க்கரைதான். அதனாலதான் எங்க போர்டுல 'சர்க்கரை இல்லாத ரொட்டி'ன்னு எழுத மாட்டோம், 'சர்க்கரை சேர்க்காத ரொட்டி'ன்னுதான் எழுதுவோம். வேற கம்பெனிக்காரங்க இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுவாங்க. நீங்க பண்ணலை."

"எனக்கே இந்த வாரந்தாம்மா தெரியும்."

"திங்கட்கிழமையிலிருந்து கொண்டாங்க."

வேலை முடிந்தது என்று நாங்கள் கிளம்பினோம். வேம்புலி நகரவில்லை. தொண்டையைச் செருமினான்.

"அம்மா, எனக்கும் சக்கர வியாதி. இதுல நான் எத்தினி துன்னலாம்?"

"ரெண்டு துண்டு. ஜாம் கூடாது. சுண்டலோ கூட்டோ வச்சு, மெதுவா சாப்பிடுங்க. உங்க டாக்டர் கிட்டயும் கேட்டுக்குங்க."

"ரெண்டு!" என்றான் வேம்புலி, லாட்டரி விழுந்தவன் மாதிரி.

இப்போது அந்தக் கொட்டகையில் இரண்டு குண்டான்கள் இருக்கின்றன. பன் குண்டான் வாசல் பக்கம், ரொட்டிக் குண்டான் ஜன்னல் பக்கம். சாதா ரொட்டிக்கான ஈஸ்ட் பூந்தமல்லிக் கடையில் வந்துவிட்டது. நாகவல்லி அதையும் வாங்குகிறாள், ஆனால் கேழ்வரகுக் கரைசலை விடவில்லை, ருசி அதில்தான் இருக்கிறது என்கிறாள். சாயங்காலமானால் வேம்புலி டப்பாவைத் திறந்து சிட்டிகை மாவைக் குண்டானில் போடுகிறான். காலையில் அதே டப்பாவிலிருந்து தன் கஞ்சிக்கு எடுத்துக்கொள்கிறான்.

"துன்னுங்கடா பசங்களா" என்கிறான், பழைய மாதிரியே. "நைனா துன்றதத்தான் குடுக்குறேன். மொனகாம எயுந்து வேலயப் பாருங்க."

போன வாரம் ஆஸ்பத்திரி இன்னும் இரண்டு ட்ரே சேர்த்துக் கேட்டது. ட்ரேயை ஏற்றிக்கொண்டே நான் நாகவல்லியிடம், இப்போதாவது ஒரு பெயர்ப் பலகை வைக்கலாமே என்றேன்.

"எதுக்குண்ணா?" என்றாள். "ஓரமா நவுரு. மாவு எயுந்துடுச்சி."